மணிமுத்தாறு இறங்குகிற வழி

பொதிகை மலையில் பிறந்து, பேயாறு, உள்ளாறு, காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகிய ஆறுகளைச் சேர்த்துக்கொண்டு, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது தாமிரபரணி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிற பாடம் இது. துணையாறு ஒன்று விட்டுப்போனால் வாத்தியார் மதிப்பெண்ணைக் குறைப்பார். துணையாற்றின் கரையில் இருக்கிற சனங்கள் விட்டுப்போனால் யாரும் எதையும் குறைப்பதில்லை.

ஆற்றைப் பற்றித் தமிழில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷமும் நானும் ஆற்றோடுதான் கிடந்தேன். பொருநை என்றார்கள். மருதத்திணை என்றார்கள். ஆறு தாய், ஆறு தெய்வம், ஆறு கன்னி என்று பாடம் நடந்தது. எந்தத் துறையில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்ற கேள்வி அந்த வகுப்பறைக்குள் வரவே இல்லை. மருதத்தில் வயல் இருந்தது, எருமை இருந்தது, தாமரை இருந்தது, பரத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பி வருகிற தலைவன் இருந்தான். நாற்று நட்டவள் பாட்டின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்கு 3,200 வருஷம் வயசு என்று 2021இல் அறிவிப்பு வந்தது. பொருநை நாகரிகம் என்று எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். அந்த நெல்லை நட்ட கை யாருடையது என்று கேட்டால் மட்டும் சபை அமைதியாகிவிடுகிறது.

நான் எழுத எடுத்துக்கொண்டிருப்பது தாமிரபரணியை அல்ல. அதன் துணையாறான மணிமுத்தாற்றை. சின்ன ஆறு. மாஞ்சோலைக்கு மேலே இருக்கிற அடர்ந்த காட்டில் பிறந்து, கீழ மணிமுத்தாறு, வறட்டாறு என்று இரண்டு சின்ன ஆறுகளைச் சேர்த்துக்கொண்டு, அருவியாக விழுந்து, அணையில் தேங்கி, ஆலடியூர் பக்கத்தில் தாமிரபரணியோடு சேர்ந்துவிடுகிறது. தண்ணீரின் கதை அதோடு முடிந்தது. இந்த ஆற்றின் பாதையில் மேலே ஏறிய சனங்களின் கதையும், கீழே இறக்கப்பட்ட சனங்களின் கதையும் முடியவில்லை. ஆற்றின் போக்கை எழுதுகிறவர்கள் அந்தப் போக்கையும் சேர்த்து எழுத வேண்டும். நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

*

மேற்கே மலைமுகடு. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று ஒரு தடவை கொட்டும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இன்னொரு தடவை கொட்டும். தமிழ்நாட்டில் அதிக மழை பெய்த இடங்கள் என்று மழைக்காலத்துச் செய்திகளில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி என்று பெயர்கள் வருகின்றனவே, அவையெல்லாம் இந்த மலையில் இருக்கிற தேயிலை எஸ்டேட்டுகள். மாஞ்சோலை, குதிரைவெட்டி இரண்டையும் சேர்த்துக்கொண்டால் கணக்குச் சரி.

மலை மடிப்பில் சோலைக்காடு. மேட்டில் புல்வெளி. கொட்டுகிற மழையை இந்தக் காடும் புல்லும் வாங்கி, மண்ணுக்குள் இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அதனால்தான் மழை நின்று மாசக்கணக்கான பிறகும் மலையில் ஓடை ஓடுகிறது. முகட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த மழை கோதையாறாகிக் கன்னியாகுமரி மாவட்டம் வழியாக அரபிக்கடலுக்குப் போகும். இந்தப் பக்கம் விழுந்தது மணிமுத்தாறாகிக் கிழக்கே வரும். ஒரே மேகம்தான். எந்தச் சரிவில் விழுந்தோம் என்பதில் போக்கு மாறிவிடுகிறது. பிறந்த இடம் போக்கைத் தீர்மானிப்பதைப் பற்றி நம் சனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வடக்கே பக்கத்து மலையில் தாமிரபரணி பிறக்கிறது. அங்கே அகத்தியர் கதை இருக்கிறது. சிவன் கல்யாணத்துக்கு எல்லோரும் வடக்கே போய்விட்டதால் பூமி சாய்ந்துவிட்டதாம். அதைச் சமன் செய்யக் குறுமுனிவரைத் தெற்கே அனுப்பினார்களாம். பூமி சமமானதோ என்னவோ, பூமியில் இருந்த மனுசர்கள் சமமாகவில்லை. அந்த மலையில் காரையாறு, சேர்வலாறு பக்கம் காணிக்காரர்கள் இருக்கிறார்கள். இஞ்சிக்குழி, சின்ன மயிலாறு என்று அவர்களுடைய குடியிருப்புகள். பொதிகையைப் பாடிய புலவர்களுக்கு முனிவரைத் தெரிந்த அளவுக்கு இவர்களைத் தெரியவில்லை.

மணிமுத்தாற்று மலைக்கு வருவோம். இது ஒரு காலத்தில் சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தம். 1929இல் ஜமீன் இதில் சுமார் 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. ஒரு கொலை வழக்கில் மாட்டிக்கொண்ட ஜமீன் வாரிசுக்காகச் செலவழித்த கடனை அடைக்கத்தான் மலை குத்தகைக்குப் போனது என்று அம்பாசமுத்திரம் பக்கம் சொல்வார்கள். ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு நிலம் அரசாங்கத்துக்கு வந்தது. குத்தகை மட்டும் அப்படியே தொடர்ந்தது. ஜமீன், கம்பெனி, அரசாங்கம் என்று காகிதத்தில் மலை கைமாறிக்கொண்டிருந்தது. அந்தக் காகிதம் எதிலும் பெயர் இல்லாதவர்கள்தான் மலை ஏறினார்கள்.

யார் ஏறினார்கள்? திருநெல்வேலிச் சீமையில் வயல் வேலை செய்து, நிலம் என்று ஒரு செண்டுகூட இல்லாத சனங்கள். நாஞ்சில் நாட்டிலிருந்தும் மலையாளத்துப் பக்கமிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலும் தலித்துகள். கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனான். காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்கள். லைன் வீடுகளில் பிள்ளை பெற்றார்கள். நாலு தலைமுறை ஓடிப்போயிற்று. கீழே ஊரில் இருந்தால் பண்ணையாரின் வயல். மேலே போனால் துரையின் தோட்டம். இருந்தாலும் ஏன் போனார்கள்? மேலே ஊர்த்தெரு இல்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய தெரு இல்லை. குளிரும் அட்டையும் இருந்தன. குளிரும் அட்டையும் சாதி பார்த்துக் கடிப்பதில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்துவிட்டு இப்போது கீழே வாடகை வீட்டில் இருக்கிற ஒரு பெரியம்மாவிடம் போன மழைக்காலத்தில் பேசிக்கொண்டிருந்தேன்.

"பெரியம்மா, மலையில எத்தன ஓட இருக்கும்?"

சிரித்தாள். "எண்ணவாய்யா முடியும்? நான் கொழுந்தெடுத்த காட்டுல மட்டும் ஏழெட்டு. ஒண்ணுல ஒருத்தி வழுக்கி விழுந்து கால ஒடிச்சிக்கிட்டா, அவ பேரே ஓடைக்கும் ஆயிப்போச்சு. ஒண்ணுல ஆன வந்து தண்ணி குடிக்கும், அது ஆன ஓட. ஒண்ணு பங்குனியிலயே படுத்துக்கிடும், அதுக்குச் சோம்பேறின்னு பேரு."

"யாரு பேரு வச்சா?"

"யாரு வைப்பா? நாங்கதான். தொர வச்சது இல்ல, மேப்புல போட்டதும் இல்ல. எங்கன குனிஞ்சி தண்ணி குடிக்கணும், எங்கன காலு வைக்கக் கூடாதுன்னு புதுசா வாற பிள்ளைகளுக்குத் தெரியணும்லா? அதுக்கு வச்ச பேரு."

பாடப்புத்தகம் தாமிரபரணிக்குத் துணையாறு மணிமுத்தாறு என்று சொல்லும். கொஞ்சம் விவரமான புத்தகம் மணிமுத்தாற்றுக்குத் துணையாறு வறட்டாறு என்று சொல்லும். அதற்குக் கீழே இருக்கிற ஓடைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் ஆறு என்பது அந்த ஓடைகள்தான். சோம்பேறியும் ஆன ஓடையும் சேராமல் மணிமுத்தாறு இல்லை. மணிமுத்தாறு சேராமல் தாமிரபரணி இந்த அளவுக்கு இல்லை. அந்த ஓடைகளின் பெயர்கள் கொழுந்து பறித்த பொம்பளைகளின் வாயில் மட்டும் இருந்தன. இதை நம் பல்கலைக்கழகங்கள் புவியியல் என்றும் ஒத்துக்கொள்ளாது, இலக்கியம் என்றும் ஒத்துக்கொள்ளாது.

*

அருவிக்குக் கீழே அணை. 1950களில் காமராஜர் ஆட்சியில் கட்டியது. 118 அடி. ஆறு சின்னதாக இருந்தாலும் அணை பெரிசு. இங்கிருந்து பெருங்கால் பாசனத்துக்குத் தண்ணீர் போகிறது. 80 அடிக் கால்வாய் நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து வானம் பார்த்த பூமிக்குப் போகிறது. கால்வாயை ரீச் ரீச்சாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் ரீச்சுக்காரனுக்கும் நாலாவது ரீச்சுக்காரனுக்கும் தண்ணீர் பற்றிக் கேட்டுப் பாருங்கள், இரண்டு வேறு அணைகளைப் பற்றிப் பேசுவது போல் இருக்கும். கடைமடை என்பது வெறும் பாசன வார்த்தை அல்ல. யாருக்குக் கடைசியில் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காமலே போகும் என்பதற்கான வார்த்தை.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டத்தை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் கட்டினான். மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ராஜா கட்டினான், நாயக்கர் கட்டினார், கன்னடத்துப் பிராமணன் கட்டினான் என்று ஒவ்வொன்றுக்கும் கதை உண்டு. கல் சுமந்தவனுக்குக் கதை இல்லை. கால் ஓரத்து முதல் தர நஞ்சை கோயிலுக்கும் மடத்துக்கும் அக்ரகாரத்துக்கும் வெள்ளாளர்களுக்கும் போயிற்று. அந்த நஞ்சைச் சேற்றில் இறங்கியவர்கள் பள்ளர்கள்.

ஆற்றை அறிந்தவனும் அவன்தான். மடைக்குடும்பன், நீர்பாய்ச்சி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ராத்திரி எந்த நேரத்தில் எந்த வயலுக்குத் தண்ணீர் திருப்ப வேண்டும், வெள்ளம் வந்தால் எந்த மடையை அடைக்க வேண்டும் என்ற கணக்கு முழுக்க அவன் மண்டையில் இருந்தது. குளம் நிரம்பி நிற்கும்போது உள்ளே முங்கி மடையைத் திறந்துவிட்டு மூச்சோடு மேலே வந்தால் உண்டு. மடையைப் பார்க்கிறவனுக்கு மடையன் என்று பெயர். அதே எழுத்துகளில் ஒரு வசவும் தமிழில் இருக்கிறது. அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது அவனுக்கு உரிய படியும் கடைசியில்தான் விழும். தண்ணீர் மாதிரியே.

எங்கள் ஊரிலும் ஆறு ஓடுகிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். பெயர் எழுதினால் அந்த ஊரில் மட்டும்தான் இப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். கல் படிக்கட்டோடு மண்டபத்தோடு மேற்கே ஊர்த்துறை. கொஞ்சம் கிழக்கே மாடு குளிப்பாட்டுகிற இடம். அதற்கும் கிழக்கே வண்ணாந்துறை. ஆறு வளைகிற இடத்தில், சுடுகாட்டுப் பாதை ஓரமாக, எங்கள் துறை. தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அவர்கள் குளித்த தண்ணீர், மாடு குளித்த தண்ணீர், அழுக்கு வெளுத்த தண்ணீர் எல்லாம் வரிசையாக எங்களிடம் வரும். எங்கள் மேல் பட்ட தண்ணீர் அவர்களிடம் போகாது. ஆறு எந்தத் திசையில் ஓடும் என்று பார்த்து வைத்த வரிசை இது. வர்ணாசிரமத்துக்கு உதாரணம் தேடி மனு வரை போக வேண்டியதில்லை, எங்கள் ஊர் ஆற்றங்கரையில் கால் மணி நேரம் நின்றால் போதும்.

ஆனால் ஊர்த்துறைக்கு மேற்கேயும் ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கும் ஒரு சேரி இருக்கிறது. அந்தச் சேரிக்கும் ஒரு துறை இருக்கிறது. அந்தத் துறைத் தண்ணீர்தான் இவர்களுடைய கல் படிக்கட்டுக்கு வருகிறது. எங்க ஆச்சி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "நம்ம மேலத்தெருக்காரன் தெனமும் முங்குதது மேலூர்ப் பள்ளக்குடித் தண்ணியிலதான் மக்கா. அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி முங்குதான்."

*

ஆறுகள் கலக்கிற இடத்தைத் தமிழில் கூடல் என்கிறோம். ஆலடியூர் பக்கம் மணிமுத்தாறு கலக்கிறது. திருப்புடைமருதூரில் கடனாநதி. தருவை பக்கம் பச்சையாறு. சீவலப்பேரியில் சிற்றாறு. குற்றாலத்து மலையிலிருந்து வருகிற இந்தச் சிற்றாற்றுக்கே ஐந்தருவியாறு, அனுமாநதி, அழுதகண்ணியாறு என்று பிள்ளைகள் இருக்கின்றன. அழுதகண்ணி என்று ஓர் ஆற்றுக்குப் பெயர் வைத்தவள் நிச்சயம் அரண்மனைக்காரி இல்லை என்று எனக்கு ஓர் எண்ணம்.

சீவலப்பேரிக் கூடல்தான் பழைய முக்கூடல். முக்கூடற்பள்ளு இந்த இடத்தைப் பற்றியது. எழுதியவர் யார் என்று உறுதியாகத் தெரியாத நூல். எம்.ஏ.யில் எங்களுக்குப் பாடம். மழை வருகிற குறி, ஆறு பெருகி நிலம் நிலமாகக் கடந்து வருகிற போக்கு, மீன் வகை, நெல் வகை, மாட்டு வகை எல்லாம் அதில் இருக்கின்றன. ஆற்றின் போக்கையும் உழுகிறவனின் அறிவையும் சேர்த்து வைத்த நூல் இதுபோல் தமிழில் குறைவு. அந்த அளவுக்கு அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அறிவுக்குச் சொந்தக்காரனான பள்ளன் அதில் யார்? பண்ணைக்காரன் கட்டையில் மாட்டி வைக்கிற ஆள். இரண்டு பெண்டாட்டிக்கு நடுவில் நின்று விழிக்கிற ஆள். சபை சிரிப்பதற்கான ஆள். வகுப்பில் பேராசிரியர் ஏசல் பகுதியை ரசித்து ரசித்து நடத்துவார். வகுப்பு சிரிக்கும். அந்த வகுப்பில் நாங்கள் மூன்று பேர் தலையைக் குனிந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். நெல்லின் பெயர்கள் அத்தனையும் தெரிந்த ஒருவன் எப்படிக் கோமாளியானான் என்று கேட்கிற ஆய்வு இன்னும் நிறைய வர வேண்டும்.

கூடல் புண்ணியம் என்கிறார்கள். இரண்டு ஆறு கலந்தால் அங்கே கோயில் கட்டுகிறார்கள். மூன்று ஆறு கலந்தால் இன்னும் விசேஷம். 2018 அக்டோபரில் தாமிரபரணியில் மகா புஷ்கரம் நடந்தது. 144 வருஷத்துக்கு ஒரு தடவை வருவது என்றார்கள். படித்துறை படித்துறையாக லட்சக்கணக்கான பேர் முங்கி எழுந்தார்கள். தண்ணீர் கலப்பதைக் கும்பிடுகிறவர்கள் மனுசன் கலந்தால் என்ன செய்கிறார்கள்? 2025 ஜூலையில் இதே ஆற்றுச் சீமையில், பாளையங்கோட்டையில், ஒரு தலித் இளைஞர் மேல்சாதிப் பெண்ணைக் காதலித்ததற்காகப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆற்றுக்கு என்றால் சங்கமம். ஆளுக்கு என்றால் அரிவாள்.

*

இந்த ஆற்றில் நடந்த இன்னொரு கூடலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1998, 99இல் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். 652 பேரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். பொம்பளைகளும் அதில் இருந்தார்கள். அவர்களை விடுதலை செய்ய வேண்டும், கூலிப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும் என்று கேட்டு 1999 ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலியில் ஊர்வலம். புதிய தமிழகம், தமிழ் மாநில காங்கிரஸ், இடதுசாரிகள் எல்லோரும் வந்தார்கள். மலைச் சனங்களுக்காகச் சமவெளிச் சனங்கள் வந்தார்கள். வயல் வேலை செய்கிறவர்களும் பீடி சுற்றுகிறவர்களும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். மணிமுத்தாறு தாமிரபரணியில் கலக்கிற மாதிரி, மேலே ஏறிப்போன சனமும் கீழே தங்கிவிட்ட சனமும் அன்றைக்குக் கலந்தார்கள்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமிருந்து பாளையங்கோட்டைப் பக்கம் போக ஆற்றைக் கடக்க வேண்டும். 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலம். பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ். ஆபீசுக்குப் பின்னால் ஆறு. மனுக் கொடுக்க வந்த கூட்டத்தின் மேல் தடியடி நடந்தது. ரோட்டில் போலீஸ் நின்றது. ஓடுவதற்கு மிச்சம் இருந்தது ஆறுதான். ஆற்றில் இறங்கியவர்களையும் விரட்டி அடித்தார்கள். அந்தப் படங்கள் இருக்கின்றன, ஆவணப்படம் இருக்கிறது, பார்க்கிற தைரியம் உள்ளவர்கள் பார்க்கலாம். 17 பேர் செத்தார்கள். இரண்டு பேர் பெண்கள். ஒன்று, ஒன்றரை வயசுக் குழந்தை.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. எங்கள் தெருவிலிருந்து ஊர்வலத்துக்குப் போன வேன் ராத்திரி வரை திரும்பவில்லை. தெருவே ரோட்டு முக்கில் உட்கார்ந்திருந்தது. நடுராத்திரிக்கு மேல் ஒவ்வொருத்தராக நடந்து வந்தார்கள். எங்கள் மாமா ஒருத்தர் ஈர வேட்டியோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "என்ன மாமா ஆச்சி" என்று அம்மா கேட்டாள். "தண்ணி குடு தாயி" என்றார். சொம்பை வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

அரசாங்கம் நீதிபதி மோகன் கமிஷனைப் போட்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றும், போலீஸ் எடுத்த நடவடிக்கை நியாயமானது என்றும் கமிஷன் சொன்னது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஆறு கொன்றது என்று அர்த்தம். தடி எடுத்தவன் குற்றவாளி இல்லை, உத்தரவு போட்டவன் குற்றவாளி இல்லை, தண்ணீர் குற்றவாளி. இத்தனை நூற்றாண்டாக ஆற்றைத் தாய் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் கொலைக் கேஸை அவள் தலையில் கட்டினார்கள்.

ஒவ்வொரு வருஷமும் ஜூலை 23 அன்று சனங்கள் அந்த இடத்துக்கு வந்து ஆற்றில் பூ விடுகிறார்கள். கட்சிகள் கொடியோடு வருகின்றன. பூ கிழக்கே போகிறது. புஷ்கரத்துக்கு 144 வருஷக் கணக்குச் சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கும் தெரிய வேண்டும்.

*

குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே, 2024இல், கம்பெனி விருப்ப ஓய்வு என்று காகிதம் நீட்டி, ஜூன் மாசத்தோடு தோட்ட வேலையை நிறுத்திவிட்டது. விருப்பம் யாருடையது என்று கேட்கக் கூடாது. நாலு தலைமுறையாக இருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தொழிலாளர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். தோட்டத்தை அரசாங்கத் தேயிலைக் கழகமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும், எங்களை அங்கேயே இருக்க விட வேண்டும் என்று கேட்டார்கள். 2024 டிசம்பரில் அது முடியாது என்று தீர்ப்பு வந்தது. 1988இலிருந்து சுற்றிலும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். மலை காடாக வேண்டும் என்கிறது சட்டம்.

இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். தேயிலைத் தோட்டம் ஆற்றுக்கு நல்லதில்லை. சோலையும் புல்வெளியும் செய்கிற வேலையைத் தேயிலைச் செடி செய்யாது. மருந்தடித்த தண்ணீர் கீழேதான் வரும். மலை மறுபடியும் சோலைக்காடாக வேண்டும் என்று சூழலியல்காரர்கள் சொல்வது சரி. கடைமடையில் இருக்கிற எங்களுக்கு அது இன்னும் சரி; மேலே ஊத்து வற்றினால் முதலில் காய்வது எங்கள் தொண்டை. ஆகவே எஸ்டேட் வாழ்க என்று நான் எழுத மாட்டேன். லைன் வீட்டு வாழ்க்கை சொர்க்கமாக இருந்தது என்றும் எழுத மாட்டேன்.

ஆனால் காட்டை வெட்டு என்று முடிவெடுத்தவர்கள் யார்? ஜமீன் முடிவெடுத்தது, கம்பெனி முடிவெடுத்தது. காசு பார்த்தவர்கள் அவர்கள். வெட்டுவதற்குக் கூலி வாங்கியவர்கள்தான் இப்போது காட்டின் எதிரி ஆகிவிட்டார்கள். காடு வேண்டும், ஆகவே சனம் வேண்டாம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது. எட்டாயிரம் ஏக்கரில் தேயிலையை எடுத்துவிட்டுச் சோலை மரத்தையும் புல்லையும் கொண்டுவரப் போகிறவர்கள் யார்? எந்தச் சரிவில் மண் சரியும், எந்த ஓடை பங்குனியில் படுக்கும், ஆனை எந்த வழியில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? நாலு தலைமுறையாக அந்த மழையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். காட்டைத் திரும்ப வளர்க்கிற வேலையை, முறையான சம்பளத்தோடு, உரிமையோடு அவர்களிடம் கொடுத்திருக்கலாம். கீழே இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நஞ்சை நிலம் கொடுத்து இறக்கியிருக்கலாம். இது யாருக்கும் தோன்றாத பெரிய யோசனை இல்லை. தலித்தை நிலத்தோடும் அறிவோடும் சேர்த்து யோசிக்கிற பழக்கம் அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான். கூலி வேண்டும்போது ஏற்றுவார்கள். வேண்டாதபோது இறக்குவார்கள். தண்ணீர் பள்ளத்துக்கு இறங்குவது இயற்கை. சனங்களைப் பள்ளத்துக்கு இறக்குவது இயற்கை இல்லை.

அந்தப் பெரியம்மா இறங்கும்போது சாமான் ஏற்றிய லாரியின் முன்னால் உட்கார்ந்து வந்தாளாம். அணை தெரிகிற வரைக்கும் ஒவ்வொரு ஓடையாகப் பேர் சொல்லிக்கொண்டே வந்ததாகப் பேத்தி சொன்னாள். பேத்தி காலேஜில் படிக்கிறாள். "எழுதி வச்சியா தாயி?" என்று கேட்டேன். "பாதி எழுதியிருக்கேன் அண்ணே" என்றாள். மிச்சப் பாதியையும் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களிடமும் அதையே கேட்கிறேன். உங்கள் ஊரில் ஓர் ஆறோ ஓடையோ கால்வாயோ இருக்கும். அது எங்கே பிறக்கிறது, எங்கே கலக்கிறது என்று எழுதுங்கள். எத்தனை துறை, எந்தத் துறை யாருக்கு, எப்போதிலிருந்து என்று எழுதுங்கள். மடை யார் கையில் இருந்தது, நெல் யார் களத்துக்குப் போயிற்று, வெள்ளத்தில் முதலில் முங்கிய தெரு எது என்று வயசானவர்களிடம் கேளுங்கள். எந்தப் பெயர் மேப்பில் இருக்கிறது, எந்தப் பெயர் உங்கள் ஆச்சியின் வாயில் மட்டும் இருக்கிறது என்று பாருங்கள். ஆச்சிகள் ரொம்ப நாள் இருக்க மாட்டார்கள். சீக்கிரம் எழுதுங்கள்.